மோன்மொரான்சி வம்சாவளி: வாசிக்கும்போது இடறும் இடங்கள்

பிரெஞ்சுப் பிரபுக் குடும்பங்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டே போகிறார்கள். சொத்தைப் பின்தொடருங்கள் என்பேன். அது எந்தப் பெண் வழியாகக் கைமாறியது என்று பாருங்கள். பாரிசுக்கு வடக்கே எழுந்த மோன்மொரான்சி குடும்பம் இதற்கு நல்ல உதாரணம்.

'முதல் கிறிஸ்தவ பாரனுக்குக் கடவுள் துணை' என்பது அவர்களுடைய முழக்கம். அதை நம்பி, குடும்பத்தின் தொடக்கத்தைக் கிறிஸ்தவத்தின் ஆதிநாட்களுக்கே கொண்டுபோகக் கூடாது. ஆவணங்களில் நாம் காணும் முன்னோர் பூஷார். அவர் காலம் 10-ஆம் நூற்றாண்டு.

பெயர்களும் ஏமாற்றும். இக்குடும்பத்தின் மிகப் பெரிய ஆளுமையான ஆன் (1493–1567) ஓர் ஆண். ஞானத்தாயான அரசி ஆனின் பெயரை அவருக்கு வைத்தார்கள். அவர் வகித்த 'கான்ஸ்டபிள்' பதவியைப் போலீஸ்காரர் என்று படித்துவிடாதீர்கள். மன்னருக்கு அடுத்தபடியாகப் படை முழுவதற்கும் தலைவர் அவர்.

மூத்த மகனுக்கே எல்லாம் என்ற நினைப்பு இன்னொரு தவறு. ஆனின் தந்தை கியோம் கடைக்குட்டி. அண்ணன்மார் இருவரும் பிரெஞ்சு மன்னரின் எதிரியான பர்கண்டி டியூக் பக்கம் சாய்ந்ததால் தந்தை அவர்களுக்கு உரிமை இல்லையென்று ஒதுக்கினார். மூத்தவரின் வழியில் வந்த ஹோர்ன் பிரபு 1568-இல் பிரசல்ஸில் தலை வெட்டப்பட்டார்.

சாலிக் சட்டம் என்ற பழைய பிராங்கியச் சட்டம் பெண்களுக்குச் சொத்தையே மறுத்தது என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது அரியணைக்கான விதி. ஷான்டியி கோட்டையின் கதையைக் கேளுங்கள். 1484-இல் அது தாய்மாமன் பியேர் ஓர்ஜ்மோனிடமிருந்து மருமகன் கியோமுக்கு வந்தது. 1632-இல் கிளர்ச்சிக்காக மோன்மொரான்சி டியூக் இரண்டாம் ஹென்றி துலூஸில் தலை வெட்டப்பட்டார், பிள்ளை இல்லை. பறிமுதலான கோட்டை 1643-இல் அவருடைய அக்கா ஷார்லோட்டுக்குத் திரும்பியது. அவர் அரச குடும்பத்தின் கிளையான கோன்டே வீட்டு இளவரசரின் மனைவி. அதே ஆண்டு ரோக்ருவா போரில் வென்றவர் அவருடைய மகன். அதோடு கோட்டை கோன்டே வீட்டுக்குப் போனது.

ஊர்ப்பெயரிலும் நிதானம் வேண்டும். கோன்டே வீட்டின் ஆங்கேன் பட்டம் இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆங்கேனிலிருந்து வந்தது. அந்த ஊர் கைவிட்டுப் போனபின், 1689-இல் கோன்டே வீட்டார் கையிலிருந்த மோன்மொரான்சி டச்சிக்கே (டியூக் பட்டத்துக்குரிய நிலப்பகுதி) ஆங்கேன் என்று பெயர் மாற்றினார்கள். அதே ஆண்டு, ஷாம்பாஞ் பகுதியிலிருந்த போஃபோர் டச்சிக்கு மோன்மொரான்சி என்று பெயரிட்டு, மோன்மொரான்சி குடும்பத்தின் லக்சம்பர்க் கிளைக்குக் கொடுத்தார்கள்! ஆண்டைப் பார்க்காமல் பட்டத்தை மட்டும் படித்தால் ஆளே மாறிப்போவார்.

பட்டம் இருந்தால் ஆண்வழி ரத்தம் என்றும் எண்ண வேண்டாம். 1862-இல் மோன்மொரான்சி டியூக் ராவுல் பிள்ளையில்லாமல் இறந்தார். 1864-இல் மூன்றாம் நெப்போலியன் அந்தப் பட்டத்தை அவருடைய தங்கை மகன் அதால்பேர் தாலேரானுக்குத் தந்தார். மறுபடியும் தாய்மாமன், மருமகன்.

ஷான்டியி? கடைசி கோன்டே 1830-இல் இறந்தபோது, உயில்படி அது மன்னர் லூயி பிலிப்பின் மகனான எட்டு வயது ஓமால் டியூக்குக்குச் சேர்ந்தது. தன் பிள்ளைகள் எல்லோரையும் பறிகொடுத்த ஓமால், 1886-இல் அதை அறிஞர் அமைப்பான பிரான்ஸ் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கொடையாக எழுதிவைத்தார்.