மீன் வண்டித் தளத்தில் வந்த வெள்ளைப் பொடி

தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றுகிற பிக்கப் என்னுடையது. ஐஸ் உருகி வழியும் உப்புத்தண்ணியில் இரும்புத் தளம் மூன்றே வருஷத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பட்டறையில் 3 மி.மீ. அலுமினிய செக்கர் பிளேட் (வழுக்காமல் இருக்க மேடு மேடாக வைத்த தகடு) போடச் சொன்னேன். இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், துருவும் பிடிக்காது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆறாம் மாதம் போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. ஒரு ஓட்டை சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தது. மனசே விட்டுப்போச்சு. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத்தண்ணி நின்றால் பேட்டரி மாதிரிதான். அரிபடுவது அலுமினியம்.

தகட்டை முழுசாகத் தூக்கினேன். அடியில் இருந்த இரும்புச் சட்டங்களைத் தேய்த்து எபாக்சி பிரைமர் என்கிற அடிப்பூச்சை இரண்டு கோட்டிங் அடித்து, மேலே ரப்பர் ஷீட் விரித்தேன். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் ஒவ்வொன்றுக்கும் நைலான் புஷ் (போல்ட்டைச் சுற்றி மாட்டும் சின்னக் குழல்), நைலான் வாஷர். இரும்பு எங்கேயும் அலுமினியத்தைத் தொடக்கூடாது, வேலையே அதுதான். பழைய ஓட்டைகளை சீலன்ட் வைத்து அடைத்தேன். பின்பக்கம் தண்ணி வடிய வழியும் விட்டாச்சு.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது, பொடி இல்லை. செங்கல், ஜல்லி ஏற்றுகிறவர்கள் மட்டும் இரும்பையே போடுங்கள். ஜாக்கி ஒருமுறை கைதவறி விழுந்ததற்கே என் தகடு குழிந்துவிட்டது.