வலிப்பு வரும் நாயை வீட்டில் பராமரிப்பது: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

நாய்க்கு வலிப்பு வரும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில் நாம் செய்யக்கூடியது மிகவும் குறைவு. ஒரு வலிப்புக்கும் அடுத்த வலிப்புக்கும் இடைப்பட்ட வாரங்களில் செய்ய வேண்டியதுதான் அதிகம். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. வலிப்பு வந்தால் நான்கு பேர் சூழ்ந்துகொண்டு நாயை அமுக்கிப் பிடிக்கிறார்கள். நின்றதும், சரியாகிவிட்டது என்று மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் முதல் வலிப்பு கண்டு, பரிசோதனைகளில் வேறு காரணம் எதுவும் தென்படாத நாயை மனத்தில் வைத்தே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். லாப்ரடார், பீகிள், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் இது அதிகம் காணப்பட்டாலும், நாட்டு நாய்க்கு வராது என்று சொல்வதற்கில்லை.

படி 1: வலிப்பு வரும்போது கடிகாரத்தைப் பாருங்கள்

நாய் பக்கவாட்டில் சாய்ந்து, கால்கள் விறைத்து, பிறகு நீந்துவதுபோல் உதைத்துக்கொள்ளும். வாயில் நுரை தள்ளும். சிறுநீரோ மலமோ போகலாம். முதலில் மணியைப் பாருங்கள். பார்ப்பவருக்கு முப்பது விநாடி பத்து நிமிடமாகத் தோன்றும் என்பதால், மனக்கணக்கை நம்ப முடியாது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, முழுவதும் தெளியாமலே அடுத்தது தொடங்கினாலோ, 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை வந்தாலோ, இரவு பகல் பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நேரத்தைக் குறித்த பிறகு, நாற்காலி, டீப்பாய் போன்றவற்றை நகர்த்துங்கள். படிக்கட்டுக்கு அருகில் இருந்தால் பின்னங்கால் பக்கமாகப் பிடித்து மெதுவாக இழுத்து நகர்த்துங்கள். தலைக்கடியில் மடித்த போர்வையை வையுங்கள். டிவியையும் விளக்கையும் அணைத்து, மின்விசிறியை மட்டும் ஓட விடுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதை வேறு அறையில் அடைத்துவிடுங்கள். துடித்துக்கொண்டிருக்கும் நாயை, கூடவே வளர்ந்த நாய்கூடக் கடிக்க வாய்ப்புண்டு. இன்னொருவர் அருகில் இருந்தால் செல்போனில் முகமும் கால்களும் தெரியும்படி வீடியோ எடுக்கட்டும். நாம் ஆயிரம் சொன்னாலும், மருத்துவருக்கு அந்த ஒரு நிமிட வீடியோ சொல்வதுபோல் ஆகாது.

வாய்க்குள் கையையோ கரண்டியையோ விடக் கூடாது. நாய் நாக்கை விழுங்கிவிடாது. ஆனால் தன்னையறியாமல் உங்கள் விரலைக் கடித்துவிடும். தண்ணீரோ சர்க்கரைக் கரைசலோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். மனிதர்களுக்கு வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கும் நம் ஊர் வழக்கம் நாய்கள் வரை வந்துவிட்டது. முன்னங்கால் நடுவே இரும்புத் துண்டை அழுத்திப் பிடித்திருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பலன் இல்லை. வலிப்பு தானாக நின்றதும் பெயர் மட்டும் இரும்புக்குப் போய்விடுகிறது.

படி 2: தெளியும் நேரம்

வலிப்பு நின்றவுடன் நாய் பழைய நாயாகிவிடாது. சில நிமிடங்கள் முதல் பல மணி நேரம் வரை, சில சமயம் ஒருநாள் முழுவதும்கூட, கண் தெரியாததுபோல் பீரோவில் முட்டிக்கொள்ளும், சுவரின் மூலையைப் பார்த்தபடி நிற்கும், ஓயாமல் வட்டமடிக்கும், கொலைப்பட்டினி கிடந்ததுபோல் சோற்றுத் தட்டைத் தேடும். பழகியவரையே அடையாளம் தெரியாமல் உறுமக்கூடும் என்பதால் குழந்தைகளை அருகில் விட வேண்டாம். நன்றாக நிமிர்ந்து நடந்து, விழுங்க முடிகிறது என்று உறுதியான பிறகே தண்ணீரும் சிறிது உணவும் கொடுங்கள். நீண்ட வலிப்பில் உடல் சூடு ஏறிவிடும். ஈரத்துணியால் வயிற்றையும் பாதங்களையும் துடைத்துக் காற்றுப் படும்படி செய்யலாம். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

படி 3: வேறு காரணம் உண்டா என்று பார்ப்பது

முதல் வலிப்பு ஒரே நிமிடத்தில் நின்றிருந்தாலும், ஓரிரு நாளில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எலி மருந்து, உண்ணிக்கு அடிக்கும் பூச்சிமருந்து, குட்டிகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை குறைவது, குட்டிக்குப் பால் கொடுக்கும் பெண் நாய்க்குக் கால்சியம் இறங்குவது, ஈரல், சிறுநீரகக் கோளாறுகள் என்று வலிப்புக்குப் பல காரணங்கள் உண்டு. நம் பகுதியில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் நாய்களிடம் இன்னும் பரவலாக இருப்பதால், தடுப்பூசி போடாத குட்டி காய்ச்சலும் கண்பீளையுமாகக் கிடந்து, பிறகு சூயிங்கம் மெல்வதுபோல் தாடையை ஆட்டத் தொடங்கினால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாத நாயாக இருந்தால் எச்சில் மேலே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு வலிப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள். மாதிரிக்கு: "மார்ச் 14, அதிகாலை 4.50, தூக்கத்தில், 1 நிமிடம் 40 விநாடி, சிறுநீர் போனது, தெளிய அரை மணி நேரம், முந்தைய இரவு மாத்திரை ஒன்றேகால் மணி நேரம் தாமதம்." கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்ணி மருந்து கொடுத்த நாள், பெண் நாயாக இருந்தால் பருவத்துக்கு வந்த நாள், பட்டாசுச் சத்தம், வயிற்றுப்போக்கு, புதிய தின்பண்டம் ஆகியவற்றையும் அதிலேயே குறித்தால், சில மாதங்களில் உங்கள் நாய்க்கென்று ஒரு வரிசை தெரியவரும், தெரியாமலும் போகலாம். மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா என்று மருத்துவர் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த வரிகளை வைத்துத்தான்.

படி 5: மாத்திரை

ஒரே ஒரு வலிப்பு வந்த எல்லா நாய்க்கும் மாத்திரை தொடங்குவதில்லை. ஆறு மாதத்துக்குள் இரண்டோ அதற்கு மேலோ வந்தாலோ, 24 மணி நேரத்துக்குள் ஒன்றுக்கு மேல் கொத்தாக வந்தாலோ, நீண்டு போனாலோ தொடங்குவதே பொதுவான நடைமுறை. பெரும்பாலும் முதலில் எழுதுவது ஃபீனோபார்பிட்டால். மருந்துக்கடையில் கார்டினால் என்ற பெயரில் கிடைக்கும். சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள், எல்லாக் கடையிலும் இருப்பு வைப்பதும் இல்லை. ஆகவே பத்து நாள் மாத்திரை மீதம் இருக்கும்போதே அடுத்த அட்டைக்குச் சொல்லி வையுங்கள்.

12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் அது காலை ஒன்று, இரவு ஒன்று என்ற பொருளில் அல்ல. காலை எட்டு என்றால் இரவு எட்டு. ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்தவுடன் கொடுத்துவிட்டு, அடுத்த வேளையை வழக்கமான நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் நாய் தள்ளாடும், தூங்கி வழியும். அது பெரும்பாலும் தானாகக் குறையும். பசியும் தாகமும் சிறுநீரும் கூடுவது நீடிக்கும், எடையும் ஏறும், எனவே சோற்றை அளந்து வையுங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு நிலைப்பட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதன்பிறகு அளவுப் பரிசோதனையும், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் பரிசோதனையும் செய்ய வேண்டும். ஈரல் பரிசோதனையில் வரும் ஏ.எல்.பி. என்ற நொதியின் அளவு இந்த மருந்தாலேயே உயரக்கூடியது. அதைப் பார்த்துப் பயந்து தாமாக மாத்திரையை நிறுத்திவிட்டால், திடீரென நிறுத்தியதாலேயே கடுமையான வலிப்பு வரும். மூன்று மாதமாக வலிப்பு வரவில்லை என்று நிறுத்துவதும் அதே ஆபத்துதான்.

இது போதாதபோது பொட்டாசியம் புரோமைடையோ லெவெட்டிராசெட்டமையோ சேர்ப்பார்கள். புரோமைடு கொடுக்கும் வீட்டில் உப்பின் அளவு மாறாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாசத்தில் போடும் கருவாட்டுத் தலை, உப்பைக் கூட்டிப் புரோமைடை உடலிலிருந்து வெளியேற்றி, அதன் அளவைக் குறைத்துவிடும். பூனைக்குப் புரோமைடு கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயைப் பாதிக்கும். வீட்டுப் பெரியவர் வலிப்புக்குச் சாப்பிடும் எப்டாயின் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் யோசனையை யாராவது கட்டாயம் சொல்வார்கள். அந்த மருந்து நாயின் உடலில் மிக வேகமாகச் சிதைந்து போவதால் நாய்க்கு உதவாது.

மருந்து கொடுத்தும் கணிசமான நாய்களுக்கு வலிப்பு முழுவதும் நிற்பதில்லை. மாதம் மூன்று வந்தது இரண்டு மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்றே கொள்ள வேண்டும்.

படி 6: அவசர மருந்து

கொத்தாக வலிப்பு வரும் நாய்க்கு, ஆசனவாய் வழியே செலுத்த டயசெபாமோ, மூக்கில் செலுத்த மிடசோலாமோ வீட்டில் வைத்துக்கொள்ள மருத்துவரிடம் கேளுங்கள். அளவை அவரே எழுதித் தர வேண்டும், செலுத்தும் முறையை அவர் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். டயசெபாமை முன்கூட்டியே பிளாஸ்டிக் சிரிஞ்சில் ஏற்றி வைக்காதீர்கள். மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வீரியம் குறையும்.

படி 7: அன்றாட ஏற்பாடுகள்

கைப்பிடிச் சுவர் தாழ்வாக உள்ள மொட்டைமாடியிலும் திறந்த கிணற்றடியிலும் நாயைத் தனியே விடாதீர்கள். உண்ணிக்கு வாயால் கொடுக்கும் புதுவகை மாத்திரைகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2018இல் எச்சரித்திருக்கிறது. எனவே எந்த உண்ணி மருந்தானாலும் வலிப்பு உள்ள நாய் என்று சொல்லிவிட்டே வாங்குங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து அந்த மூன்று நாளுக்கென்று தனி ஏற்பாடு கேட்டுக்கொள்வது நல்லது.

வெளியூர் போகும்போது நாயை ஒப்படைப்பவரிடம் மாத்திரை, நோட்டு, அவசர மருந்து, மருத்துவரின் எண், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் முகவரி ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கொடுங்கள். உங்கள் நாய்க்கு வலிப்பு வரும் வீடியோவையும் அவரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். முதன்முறை நேரில் பார்த்துப் பதறுபவர் மணியைப் பார்க்க மாட்டார்.