காலப்பட்டையில் ஹரால்ட் வில்சன்

மொரீஷியஸ் தமிழ் வகுப்பில் பிரிட்டிஷ் பிரதமர்களை வெறும் பட்டியலாகக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு மறுநாளே மறந்துவிடும். நம் தீவின் தலையெழுத்தைத் தொட்ட வில்சனிலிருந்து தொடங்குங்கள்.

50 செ.மீ. நீளக் காகிதப் பட்டையில் ஓராண்டுக்கு 4 செ.மீ. என அளந்து கோடு போடுங்கள். 1964 அக்டோபர் முதல் 1970 ஜூன் வரை வில்சன், ஏறத்தாழ 23 செ.மீ. அடுத்த 15 செ.மீ. எட்வர்ட் ஹீத். பிறகு 1976 ஏப்ரல் வரை மீண்டும் வில்சன். பலரும் சறுக்குவது இங்கேதான். வில்சனின் இரண்டு ஆட்சிக்காலத்தையும் சேர்த்து ஒட்டிவிடுவார்கள், நடுவில் ஹீத் காணாமல் போய்விடுவார்.

இனி, நம் தீவைத் தொட்ட நிகழ்வுகளுக்குச் சிவப்பு மை. 1965 செப்டம்பர் 23 அன்று லண்டனில் வில்சனும் மொரீஷியஸ் தலைவர் ராம்கூலமும் சந்தித்தார்கள். நவம்பர் 8இல் சாகோஸ் தீவுகள் மொரீஷியஸிலிருந்து பிரிக்கப்பட்டன. 1968 மார்ச் 12 நம் விடுதலை. சாகோஸில் உள்ள தியேகோ கார்சியா தீவின் மக்கள் 1971இலும், அங்கேயே உள்ள பெரோஸ் பன்ஹோஸின் கடைசி மக்கள் 1973இலும் வெளியேற்றப்பட்டார்கள். இந்த இரண்டு புள்ளியும் ஹீத்தின் பகுதியில் விழும். பிரித்தது ஒருவர் ஆட்சி, வெளியேற்றத்தை முடித்தது இன்னொருவர் ஆட்சி என்பது பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே புரியும்.

பிரிட்டனுக்குள் நடந்தவற்றுக்குப் பச்சை மையையும் மறக்காதீர்கள். கொலைக்குற்றத்துக்கான மரண தண்டனை நிறுத்தம் 1965, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969. இவையும் அதே வில்சன் காலத்தவைதான். அதே பட்டையிலேயே குறியுங்கள்.