ஓரம் குறைந்த வெள்ளிக் குற்றியா? எதிர் விளிம்பைப் பாருங்கள்

எத்தனையோ இடப்பெயர்வுகளைத் தாண்டி, வன்னியில் அம்மம்மாமாரின் கொட்டப்பெட்டிகளில் தப்பிவந்த பழைய வெள்ளி நாணயக் குற்றிகள் இன்னும் இருக்கின்றன. அதில் ஓரம் பிறைபோலக் குறைந்த ஒன்று கிடைத்தால், பழுது என்று நகைக்கடையில் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

குறைந்த இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பை லென்ஸால் பாருங்கள். அங்கே விளிம்பு மங்கித் தட்டையாக இருந்தால், அது நாணயச்சாலையிலேயே நேர்ந்த, சேகரிப்பவர்கள் தேடும் பிழை என்பதற்கு நல்ல அடையாளம். அச்சடிக்கும் முன்பே தகடு குறைந்திருந்ததால், விளிம்பை உயர்த்த உருட்டும்போது எதிர்ப் பக்கத்தில் அழுத்தம் போதவில்லை. பிறகு யாரோ அரிந்த குற்றியில் எதிர் விளிம்பு முழுசாக இருக்கும். வெட்டிய இடத்தில் அரத்தின் கீறலும் தெரியும்.

குற்றியின் முகத்தில் தெரியும் கோடுகளும் அப்படித்தான். புடைத்து நிற்பது அச்சு வெடித்ததால் வந்தது, பள்ளமாக இருப்பது வெறும் கீறல். காந்தம் இழுத்தால் வெள்ளியே இல்லை.

அப்புறம், தயவுசெய்து புளியும் சாம்பலும் போட்டு மினுக்காதீர்கள். அந்தக் கறுப்புப் படலம் போனால் பெறுமதியும் போய்விடும். மாரி ஈரம் படாமல் தனித்தனிக் கடதாசி உறையில் வையுங்கள்.