நெல் ஆலைத் தூசி: மெஷின் நின்ற பிறகு நாம் செய்யும் பிழை

பெரும்போக அறுவடை முடிந்து, மாசி பங்குனியில் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்து ஆலைகளில் நெல் மூட்டைகள் குவியும்போது, புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்கள் நான் முன்பு செய்த பிழைகளையே ஒன்றும் விடாமல் செய்வதைப் பார்க்கிறேன். மூக்கை மூடாமல் உமிக் குவியலுக்குள் இறங்கக் கூடாது என்பது யாவரும் அறிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

மெஷின் நின்றதும் முகக்கவசத்தைக் கழற்றுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சத்தம் ஓய்ந்ததும் தூசியும் ஓய்ந்துவிட்டதாக நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் உமித்துகள் விரைவில் தரையில் விழுந்துவிடும். நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடிய நுண்துகளோ வெகுநேரம் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். அந்த வேளையில் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காய்ந்த தரையைத் தும்புத்தடியால் கூட்டுவதும், கம்பிரசர் காற்றால் மெஷினை ஊதுவதும், பகல் முழுவதும் படிந்த தூசியை நம் முகத்துக்கு நேரே கிளப்பிவிடும். அதில் உமியோடு பூஞ்சண வித்துகளும், பக்டீரியா நச்சும், வண்டு, அந்து ஆகியவற்றின் கழிவும் கலந்திருக்கும்.

மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மூட்டைகள் கிடந்த மூலையை ஒரு மாலையில் நான் அப்படித்தான் கூட்டினேன். ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழித்து, நடுச்சாமத்தில், குளிரும் காய்ச்சலும் உடல் நோவும் வந்தன. பனடோல் குடித்தேன், மறுநாள் தணிந்தது, தடிமன் காய்ச்சலென்று நினைத்து அதே மூலைக்குத் திரும்பினேன். தூசிக் காய்ச்சல் பல மணி நேரம் பிந்தி வருவதால்தான் காரணம் நமக்குப் புலப்படுவதில்லை. திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரலில் ஆறாத தழும்பு விழக்கூடும். மூட்டை தூக்க மூச்சுப் போதாமல் வைத்தியரிடம் போனபோதும், என்ன வேலை செய்கிறேன் என்பதை நான் சொல்லவில்லை. தானியம் சலிப்போர் படும் மூச்சுத் துன்பத்தை இத்தாலிய வைத்தியர் ரமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருந்தார் என்பதைப் பிற்பாடு அறிந்தபோது வெட்கமாக இருந்தது.

கூட்டி முடியும்வரை கவசம் முகத்திலேயே இருக்கட்டும். தூசி உறிஞ்சும் இயந்திரம் இல்லையென்றால், நெல் படாத இடத்தில் நீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள்.

லேஞ்சி கட்டுதல்

லேஞ்சி, அதாவது கைக்குட்டை, பெருந்தூசியை மட்டுமே தடுக்கும். நுண்துகளை வடிகட்டும் என்95 கவசம் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் முகத்தோடு பொருந்தாது.

காற்றுக்கு எதிரே நிற்றல்

சிறுபோகத்தில் கச்சான் எனும் மேல்காற்று வீசும். தூசி கிளம்பும் இடத்துக்கு மேற்குப் பக்கமாக நில்லுங்கள்.

பீடி

ஆலைக்குள் வேண்டாம். காற்றில் அடர்ந்த தானியத் தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கும்.