சுங்கை பூலோவுக்கு முதல்முறை போகிறீர்களா? கடலின் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில் இருக்கும் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு நான் மூன்று முறை போன பிறகுதான் அங்கே உருப்படியாக எதையாவது பார்த்தேன். முதல்முறை போனது ஜூன் பள்ளி விடுமுறையில், நண்பகல் வெயிலில், இரண்டு பிள்ளைகளோடு. பார்த்தது சேறு, ஓர் உடும்பு, பின் தண்ணீர் பாட்டில் காலியானதால் வந்த அழுகை. இரண்டாவது முறை டிசம்பரில், இந்த முறை விவரமாகத்தான் போகிறோம் என்ற நினைப்பில். அப்போதும் குளம் காலி. ஏன் என்று பிறகு புரிந்தது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், மற்றதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். கிளம்புவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தில் ஏதாவது பாதை மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். மரப்பாதைகளை அவ்வப்போது பழுதுபார்ப்பதுண்டு.

படி 1: மாதம்

செப்டம்பர் முதல் மார்ச் வரை. அவ்வளவுதான். சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை போகிற கரைப்பறவைகள் வழியில் இறங்கி இளைப்பாறும் இடம் இது. சில இங்கேயே தங்கிக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகின்றன. ஜூனில் போனால் முதலை, உடும்பு, நாரை, மீன்கொத்தி எல்லாம் இருக்கும், ஆனால் எல்லோரும் சொல்கிற அந்தப் பறவைக் கூட்டம் இருக்காது. முதலையைப் பார்த்தால் போதும் என்பவர்கள் அடுத்த படிக்குத் தாவிவிடலாம்.

படி 2: நீர் ஏற்றம் (நான் சறுக்கிய இடம் இதுதான்)

பறவை பார்ப்பதற்கு அதிகாலையில் போக வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காட்டுக்கு அது சரி. சுங்கை பூலோவில் கடிகாரத்தைவிடக் கடல்தான் முக்கியம்.

காரணம் இது. கரைப்பறவைகளுக்குச் சாப்பாடு சேற்றுக்குள் இருக்கிறது: புழு, சிறு நண்டு, சிப்பி. கடல் இறங்கியிருக்கும்போது, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவில் இருக்கும் ஜொகூர் நீரிணையின் ஓரமெல்லாம் சேற்றுத்திட்டு வெளியே தெரியும், பறவைகள் அங்கே பரவி மேய்ந்துகொண்டிருக்கும், நம் கண்ணுக்கு எட்டாது. தண்ணீர் ஏற ஏற அந்தத் திட்டுகள் மூழ்கும், நிற்க இடமில்லாமல் பறவைகள் காப்பகத்துக்குள் இருக்கிற குளங்களுக்கு வரும். இந்தக் குளங்கள் இயற்கையாக உண்டானவை அல்ல, பழைய இறால் பண்ணைகள். அந்தக் காலத்து மதகு ஏற்பாடு இன்னும் இருக்கிறது. அதை வைத்துத்தான் ஊழியர்கள் குளத்தின் நீர்மட்டத்தைக் குறைத்து, வெளியே கடல் நிரம்பியிருக்கும் நேரத்தில் உள்ளே பறவைகள் நிற்க ஒரு சேற்றுத்தரை கிடைக்கும்படி செய்கிறார்கள். என் அம்மா திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர். மூன்றாவது முறை அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது, பறவையைக்கூடப் பார்க்காமல், "இது நம்ம வாய்க்கா மதகு மாதிரியில்ல இருக்கு, யாரு தொறந்து விடுறா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் இரண்டு முறை அதைக் கடந்து நடந்தும் மதகு என்றே கவனிக்கவில்லை.

ஆக, பறவைகள் குளத்தில் இருக்க வேண்டுமென்றால் கடல் ஏறியிருக்க வேண்டும். அதற்கு நீர் ஏற்ற அட்டவணை பார்க்க வேண்டும். கடல்துறை, துறைமுக ஆணையம் வருடா வருடம் வெளியிடுகிறது, இலவசச் செயலிகளும் நிறைய இருக்கின்றன. நான் டிசம்பரில் செய்த முட்டாள்தனம்: பெரும்பாலான நாட்களில் அட்டவணையில் நான்கு வரிகள் இருக்கும், இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், நான் நேரத்தை மட்டும் பார்த்து "காலை ஒன்பதரை, ஆஹா" என்று கிளம்பிவிட்டேன். பக்கத்தில் இருந்த உயரத்தைப் பார்க்கவில்லை. அது 0.7 மீட்டர். அதாவது கடல் நன்றாக இறங்கியிருக்கும் நேரம். பறவைகள் எல்லாம் வெளியே விருந்தில் இருந்தன, நான் பறவை பார்க்கும் குடிலில் உட்கார்ந்து காலிக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரத்தையும் உயரத்தையும் சேர்த்துப் படியுங்கள். என் கணக்கு: காலை எட்டு, எட்டரை வாக்கில் ஏற்றம் உச்சத்தில் இருக்க வேண்டும், உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது. ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் இந்தச் சனிக்கிழமை ஏழரைக்கு இருந்தால் மறுநாள் ஞாயிறு எட்டு இருபதுக்கு இருக்கும் என்று விரல் விட்டே சொல்லிவிடலாம். வீட்டில் நாட்காட்டி மாட்டியிருந்தால் அமாவாசை, பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். அதை ஒட்டிய நாட்களில்தான் கடல் ரொம்ப ஏறும், ரொம்ப இறங்கும். அஷ்டமியை ஒட்டிப் போனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அட்டவணை பார்த்துத்தான் நாள் குறிக்கிறேன் என்றதும் அம்மா, "பஞ்சாங்கம் பார்க்க மாட்டேன்னு சொன்ன புள்ளதானே நீ" என்றார்.

(சேர்த்தது: நேரம் சரியாகப் பார்த்தும் பறவைகள் தாமதமாகத்தான் வந்தன என்று இரண்டு பேர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார்கள். தென்கரையில் கடல் ஏறும் நேரமும் ஜொகூர் நீரிணையில் ஏறும் நேரமும் ஒன்றல்ல. உங்கள் அட்டவணையில் வடகரை நிலையம் ஏதாவது இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று வைத்துக்கொண்டு பொறுமையாக உட்காருங்கள்.)

படி 3: பையில் என்ன

தொலைநோக்கி இல்லாமல் போக வேண்டாம், இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 போதும். 10x வாங்கச் சொல்லிக் கடையில் வற்புறுத்துவார்கள், ஆனால் கை நடுக்கமும் சேர்ந்து பத்து மடங்கு ஆகும், புதிதாகப் பழகுகிறவருக்குப் படம் ஆடிக்கொண்டே இருக்கும். பெரிய லென்ஸ் கேமரா பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. முதல் நாளே அதைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் வீட்டுக்கு வந்து கணினித் திரையில்தான் பறவையைப் பார்க்கிறார்கள்.

குடை வேண்டாம், மெல்லிய மழைக்கோட்டு எடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் மழை நிச்சயம், மரப்பாதையில் குடையோடு எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் கண்ணில் குத்து வாங்குவார். இடி மின்னல் தொடங்கினால் கூரை இருக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும்.

கொசு மருந்து கட்டாயம். டீட் கலந்த மருந்து நன்றாக வேலை செய்யும், ஆனால் அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பூசிய கையோடு தொலைநோக்கியைப் பிடித்தேன். ஒரு வாரத்தில் அதன் பிடி பிசுபிசுவென்று ஆகி இன்றுவரை என் கட்டைவிரல் ரேகை அதில் பதிந்திருக்கிறது. இப்போது பிக்காரிடின் கலந்ததைத்தான் வாங்குகிறேன்.

சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். நீண்ட வால் குரங்குகளுக்கு அந்தப் பையின் சத்தம் நன்றாகத் தெரியும்.

படி 4: போய்ச் சேருவது

இரண்டு நுழைவாயில்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது, நண்பர்களோடு போகிறவர்கள் ஆளுக்கொரு வாசலில் நின்று தொலைபேசியில் சண்டை போடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒன்று நியோ தியூ கிரசெண்டில் இருக்கும் பழைய மையம். இன்னொன்று கிராஞ்சி வேயில் 2014 டிசம்பரில் திறந்த வருகையாளர் மையம். பேருந்தில் வருகிறவர்களுக்கு இரண்டாவதுதான் வசதி: கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925, கிராஞ்சி நீர்த்தேக்கக் கார் நிறுத்துமிடத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும். ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் பேருந்து வழி மாறலாம், முந்தின இரவே செயலியில் பார்த்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று. பறவைக் குளங்கள் இருப்பது பழைய மையத்தின் பக்கம். கிராஞ்சி வேயிலிருந்து உள்ளே போனால் 1.3 கிலோமீட்டர் கடலோரப் பாதையைத் தாண்டித்தான் அங்கே போக முடியும். ஏற்றம் எட்டு மணிக்கு என்றால் ஏழுக்கே வாசலில் நிற்க வேண்டும், வழியில் நிற்கிற ஒவ்வொரு மேடையிலும் ஏறி ஜொகூர் பாருவைப் படம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம்.

படி 5: பாலம், குடில், உட்காருதல்

சுங்கை பூலோ புசார் ஆற்றின் மேல் உள்ள பெரிய பாலத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதலை பார்க்க நல்ல இடம் இதுதான். உப்புநீர் முதலை, தண்ணீரில் இருந்தால் ஊறிய மரக்கட்டை போலத்தான் தெரியும், அந்தக் கட்டை ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராகப் போனால் அது கட்டை இல்லை. பாதையை விட்டு இறங்காதீர்கள், எதையும் தூக்கிப் போடாதீர்கள். பாதையிலேயே ஒன்று படுத்திருந்தால் சத்தம் போடாமல் மெதுவாகப் பின்வாங்கிவிடுங்கள்.

பிறகு பறவைப் பாதையில் இருக்கிற பெரிய குடில். மரப்பலகைச் சுவரில் நீளமாகத் துவாரம் விட்டிருப்பார்கள், அதற்குப் பின்னால் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: எட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லையே" என்று பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். ஒரு மணி நேரம் உட்காருங்கள். நாங்கள் போன அன்று ஏழே முக்காலுக்குச் சேற்றில் ஒரு சாம்பல் நாரை மட்டும் நின்றது. எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நீரிணைப் பக்கமிருந்து ஒரு கூட்டம் தாழப் பறந்து வந்து, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரே சமயத்தில் சாய்ந்து இறங்கியது. இறங்கிய உடனே எல்லாம் ஒரே திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று, அலகை முதுகுச் சிறகுக்குள் செருகித் தூங்கத் தொடங்கின.

அடையாளம் காண ஆரம்பத்தில் காலைப் பாருங்கள். சிவப்புக் கால் என்றால் பவளக்காலி, பச்சைக் கால் என்றால் பச்சைக்காலி, பெயரே விடையைச் சொல்கிறது. கீழ்நோக்கி வளைந்த நீளமான அலகு இருந்தால் விம்பிரல். குண்டாக, அலகு குட்டையாக, முதுகில் பொன்துகள் தூவினாற்போல் இருந்தால் பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தி. இந்த நான்கு போதும் முதல் நாளுக்கு. குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிற மெர்லின் செயலி மரத்தில் ஒளிந்திருக்கும் சின்னப் பறவைகளுக்கு அருமை, தூங்குகிற கரைப்பறவைகளுக்கு அது என்ன செய்யும்?

அம்மாவுக்கு இதில் எதுவும் பெரிதாகப் படவில்லை. மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டது, கருடன் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், அவருக்கு அன்றைய பலன் கிடைத்துவிட்டது.

படி 6: தண்ணீர் இறங்கும்போது திரும்புங்கள்

ஒன்பதரைக்குக் குடிலை விட்டு எழுந்தால் கடல் இறங்கிக்கொண்டிருக்கும், அதோடு சேர்ந்து அலையாத்திக் காட்டின் தரை வெளியே வரும். மரப்பாதையில் நின்று கீழே பாருங்கள். கண்ணைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு சேற்றில் துள்ளுகிற மட்ஸ்கிப்பர் மீன், மரத்தில் ஏறுகிற நண்டு, சேற்று இறால் தோண்டித் தள்ளிய எரிமலை போன்ற மேடு. துருவிய ஐஸ் இனிப்பான ஐஸ் கச்சாங்கில் வருகிற அந்த வழுவழுப்பான அத்தாப் விதை எந்த மரத்துடையது என்று தெரியாதவர்கள் நீப்பா பனையையும் இங்கே பார்க்கலாம்.

கைப்பிடியில் கை வைப்பதற்கு முன் ஒருமுறை பாருங்கள். அலையாத்தி விரியன் சில சமயம் அங்கேயே சுருண்டு கிடக்கும், தொந்தரவு செய்யாவிட்டால் அது அசையவும் அசையாது.

பறவைப் பாதையில் 18 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இருக்கிறது, பெயர் 'ஏரி'. தண்ணீர் ஏரி இல்லை, ஆங்கிலத்தில் கழுகுக் கூட்டுக்கு அந்தச் சொல். "ஏரி எங்கே?" என்று அம்மா மேலே ஏறி நின்று கேட்டதற்கு நான் நீரிணையைக் கைகாட்டிவிட்டேன்.

கடைசியாகச் சேர்த்தது: ஓர் அன்பர், மழை வந்தால் போவதா வேண்டாமா என்று கேட்டிருந்தார். தூறல் என்றால் போங்கள், குடிலுக்குக் கூரை இருக்கிறது, கூட்டமும் குறைவு. இடி என்றால் வேண்டாம். அடுத்த நல்ல ஏற்றம் இரண்டு வாரத்தில் அதே நேரத்துக்கு மறுபடி வரும், மார்ச் வரைக்கும் பறவைகள் இருக்கும்.