‘பானி அண்ட் கிளைட்’ வழியாக ஃபே டனவேயின் நடிப்பைப் பயில்வது எப்படி

ஒரு நடிகையின் திரைவாழ்வை அறிய விரும்புவோர் பலர், அவருடைய முதல் படத்தில் தொடங்கி வெளியான வரிசையிலேயே எல்லாவற்றையும் பார்க்க முயன்று, பாதியில் களைத்து விட்டுவிடுகின்றனர். ஃபே டனவேயின் படங்களுக்கு அந்த வரிசை ஏற்றதன்று. 1967ஆம் ஆண்டு வெளிவந்த ‘பானி அண்ட் கிளைட்’ படத்திலிருந்து தொடங்குவதே சரியான வழி. பேசுவதற்கு முன்பே முகத்தில் எண்ணத்தை ஓடவிடும் அவருடைய தனித்திறன் அதில் முழுமையாக வெளிப்பட்டிருக்கிறது.

ஆர்தர் பென் இயக்கி, வாரன் பீட்டி தயாரித்து நாயகனாகவும் நடித்த இப்படம், 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அமெரிக்காவில் வங்கிகளைக் கொள்ளையடித்து, 1934 மே மாதம் லூசியானாவில் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்ட இருவரின் கதை. முதல் முறை எதையும் குறித்துக்கொள்ளாமல் முழுப் படத்தையும் பாருங்கள். அடுத்த முறை, தொடக்கக் காட்சியை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். உதட்டுச் சாயம் பூசிய வாயின் அண்மைக்காட்சியில் படம் திறக்கிறது. டனவே நடித்த உணவகப் பணிப்பெண்ணான பானி கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் சாய்கிறாள், அதன் கம்பிகளைக் கையால் குத்துகிறாள், சிறைக்கம்பிகளுக்குப் பின்னிருந்து பார்ப்பவள்போல அவற்றினூடே வெறித்து நோக்குகிறாள். இவள் ஏன் முன்பின் அறியாத ஒருவனுடன் புறப்பட்டுவிடுகிறாள் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டியதில்லை.

அடுத்து நீங்கள் தேடிச் செல்ல வேண்டியது, என் கருத்தில் படத்தின் மிக நுட்பமான இடம். கும்பல் திருடிய காரின் உரிமையாளரும் (ஜீன் வைல்டர்) அவருடைய காதலியும் கொள்ளைக் கும்பலுடன் ஒரே வண்டியில் சிரித்துப் பேசி வருகையில், அவருடைய தொழில் என்னவென்று கேட்கப்படுகிறது. பிணங்களை அடக்கம் செய்யும் தொழில் என்று அவர் சொன்ன மறுகணமே பானியின் முகத்தில் சிரிப்பு உறைகிறது. அவர்களை இறக்கிவிடச் சொல்லும் அவளுடைய ஆணையில் கோபத்தைவிட அச்சமே மிகுதி. இறுதிக் காட்சியில் துப்பாக்கிகள் வெடிப்பதற்குச் சற்றுமுன் பானியும் கிளைடும் ஒருவரையொருவர் பார்க்கும் அந்த நொடிகளை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், வண்டியில் தொட்ட அச்சம் எங்கே போய் முடிகிறது என்பது விளங்கும். அந்த நொடிகளின் கூர்மையில் படத்தொகுப்பாளர் டீடீ ஆலனுக்கும் பெரும்பங்கு உண்டு.

கிளைடின் அண்ணி பிளான்ச் வேடத்தில் எஸ்டெல் பார்சன்ஸ் அலறும் காட்சிகளில், அருகிலிருக்கும் டனவேயைக் கவனிக்க மறவாதீர்கள். துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது பார்சன்ஸுக்குக் கிடைத்தது. சிறந்த நடிகைக்கான பரிந்துரையோடு டனவே நின்றுவிட்டார். எனினும் அந்த அலறலுக்கு எதிரில் அவர் காட்டும் கட்டுப்பாடு, பின்னாளில் அவர் ஏற்ற வேடங்களுக்கான அடித்தளமாகவே எனக்குத் தோன்றுகிறது.

அதற்குச் சான்று ‘சைனாடவுன்’ (1974). தந்தையைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் டனவே ஏற்ற ஈவ்லின் மல்ரேயின் நாக்கு தடுமாறுகிறது. கையில் ஒரு சிகரெட் எரிந்துகொண்டிருக்க இன்னொன்றைப் பற்றவைக்கிறாள். கதையின் மறைபொருள் தெரிந்த பின் மீண்டும் ஒருமுறை பார்த்தால்தான் இந்தத் தடுமாற்றங்களின் கணக்கு புரியும்; ஆகவே இப்படத்தை இருமுறை பார்ப்பது கட்டாயம். சிட்னி லூமெட்டின் ‘நெட்வொர்க்’ (1976) இதற்கு நேர்மாறானது. தொலைக்காட்சி நிர்வாகியான டயானா எதையும் மறைப்பதில்லை. காதலனுடன் தனித்திருக்கும்போதும் நிகழ்ச்சிகளின் பார்வையாளர் எண்ணிக்கையைப் பற்றியே மூச்சுவிடாமல் பேசுகிறாள். சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை டனவே வென்றது இவ்வேடத்திற்காகத்தான்.

‘தி தாமஸ் கிரவுன் அஃபேர்’ (1968), ‘த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டோர்’ (1975) ஆகியவற்றை ஓய்வு கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். நடிகை ஜோன் கிராஃபோர்டாக அவர் தோன்றிய ‘மம்மி டியரஸ்ட்’ (1981) கடும் ஏளனத்துக்கு ஆளானது. அதற்குப் பின் முதன்மை வேடங்கள் அவருக்கு அரிதாயின. அதைப் பார்க்கும் முன், மிக்கி ரூர்க்குடன் குடிநோயாளியாக நடித்த ‘பார்ஃப்ளை’ (1987) படத்தைப் பார்த்துவிடுங்கள். ஒப்பனைப் பகட்டு ஏதுமின்றிச் சோர்ந்த முகத்துடன் அவர் அமைதியாக நடித்திருப்பதைக் கண்ட பிறகு, ‘மம்மி டியரஸ்ட்’ படத்தின் உரத்த நடிப்பு இயலாமையால் வந்ததன்று, அந்த வேடத்துக்கெனத் தெரிந்தே எடுத்த முடிவு என்பதை ஏளனங்களுக்குச் செவிகொடாமல் நீங்களே எடைபோட முடியும்.